எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ்: இங்கிலாந்துக் குடும்ப நீதிமன்றப் பிரிவின் முதல் பெண் தலைவர் பற்றிப் பேசுவோம்

#1 நிலாமுற்றம்

நீதிபதிகளைப் பற்றி இங்கே இழை ஓடினால் அது அரசியல் வழக்கு, கொலை வழக்கு என்றுதான் போகும். குடும்ப வழக்கு பார்க்கிற நீதிபதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு பிள்ளை இன்று ராத்திரி எந்த வீட்டில் தூங்கும் என்று முடிவு செய்கிறவர் அவர்தான். அதனால் பல வருடமாக என் மனதில் இருக்கிற ஒருவரைப் பற்றி இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ், 1933ல் பிறந்தவர். அப்பா சர் சிசில் ஹேவர்ஸ் நீதிபதி. பத்து வயது மூத்த அண்ணன் மைக்கேல் ஹேவர்ஸ் வக்கீல், பின்னாளில் அட்டர்னி ஜெனரல், அதாவது அரசின் தலைமைச் சட்ட அதிகாரி. வீடு முழுக்கச் சட்டம்தான். ஆனால் எலிசபெத் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர் இல்லை. 1955ல் பாரிஸ்டர் ஆனார். அதே வருடம் ஜூன் மாதம் அவருடைய அப்பாதான் ரூத் எல்லிஸுக்கு மரண தண்டனை விதித்தார். பிரிட்டனில் தூக்கிலிடப்பட்ட கடைசிப் பெண் அவர். மகள் வக்கீல் அங்கி போட்ட முதல் வருடத்தில் அப்பா அந்தத் தீர்ப்பைச் சொன்னார் என்பது படித்த நாளிலிருந்து எனக்கு மறக்கவே இல்லை.

1959ல் கன்சர்வேடிவ் கட்சி சார்பில் லண்டன் வாக்ஸால் தொகுதியில் நின்று தோற்றார். 1970ல் விவாகரத்துப் பதிவகத்தில் ரெஜிஸ்ட்ரார். 1979ல் உயர் நீதிமன்றக் குடும்பப் பிரிவு நீதிபதி. 1987ல் கிளீவ்லாந்து விசாரணை. 1988ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. 1999ல் குடும்பப் பிரிவின் தலைவர். 2005ல் ஓய்வு, 2006ல் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையில் உறுப்பினர்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய தீர்ப்புகளில் எனக்கு உடன்பாடு இல்லாதவையும் உண்டு. ஆனால் யாருடைய வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கிறோமோ அவர் பேச்சைக் கேட்டாக வேண்டும் என்பதை ஆங்கிலக் குடும்பச் சட்டத்துக்குள் ஆழமாக ஊன்றியவர்களில் அவர் முக்கியமானவர். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

#2 கோர்ட்டுவாசல்

நல்ல இழை, நிலா அக்கா. நான் 22 வருடமாகக் குடும்ப வழக்குகள் மட்டுமே நடத்துகிறேன். நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்த 1970 எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ரெஜிஸ்ட்ரார் என்றால் பெரிய மேடையில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுகிற வேலை இல்லை. விவாகரத்து ஆன பிறகு வீடு யாருக்கு, மாதம் எவ்வளவு ஜீவனாம்சம், பிள்ளை வார இறுதியில் யாரிடம், இதெல்லாம்தான் அவர் மேசைக்கு வரும். ஒரே அறை, எதிரெதிரே கணவனும் மனைவியும், நடுவில் சம்பளச் சீட்டும் வீட்டுக் கடன் பத்திரமும். ஒன்பது வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். குயின்ஸ் கவுன்சல் என்ற மூத்த வக்கீல் தகுதிகூட அவர் வாங்கியதில்லை. அந்தக் காலத்தில் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போவார்கள். இவர் மேசை வேலையிலிருந்து நேராகப் போனவர்.

குடும்ப வழக்கில் மனிதர்களைப் புரிந்துகொள்வதற்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை. சட்டப் புள்ளிகளை வாதாடியே மேலே வந்த நீதிபதிகளையும், கீழ்மட்டத்தில் இந்த அன்றாடச் சண்டைகளைப் பார்த்து வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகையினர் கட்சிக்காரரின் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள்.

இன்னொரு தகவல். இந்தக் குடும்பப் பிரிவே 1971ல்தான் தனியாக வந்தது. அதற்கு முன் உயில், விவாகரத்து, கப்பல் வழக்கு மூன்றும் ஒரே பிரிவில் கிடந்தன. பிள்ளைகளுக்கும் குடும்பத்துக்கும் என்று தனியாக ஒரு பிரிவு வந்து 28 வருடம் கழித்துத்தான் அதற்கு ஒரு பெண் தலைவரானார்.

#3 சுடர்விழி

1988ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனபோது நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அந்த நீதிமன்ற நீதிபதிகளின் பட்டம் 'லார்டு ஜஸ்டிஸ்' என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. பெண் வருவார் என்று அதை எழுதியவர்கள் நினைக்கவே இல்லை. அதனால் இவரும் 'லார்டு ஜஸ்டிஸ் பட்லர்-ஸ்லாஸ்' என்றே அழைக்கப்பட்டார். 1994ல்தான் நீதிமன்றத்துக்குள் 'லேடி ஜஸ்டிஸ்' என்று அழைக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. சட்டப் புத்தகத்தில் மாற்றம் வர 2003 ஆயிற்று.

சின்ன விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். அடித்தால் விட்டுப் போகலாமா, பிள்ளையை யாரிடம் விடுவது என்று நீதிமன்றத்துக்கு வந்து நிற்கிற பெண்கள் எத்தனை பேர்! அந்த வழக்குகளின் மேல்முறையீட்டைக் கேட்கிற இடத்தில் பெண் நீதிபதிக்கு ஒரு பெயர்கூட இல்லாமல் இருந்தது. அடுத்த பெண்ணான பிரெண்டா ஹேல் அங்கே வர 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 11 வருடம் இவர் ஒருவர்தான்.

#4 மருந்துச்சீட்டு

நான் குழந்தை மருத்துவர். எனக்கு இவர் பெயர் தெரிந்ததே கிளீவ்லாந்து மூலம்தான். பயிற்சிக் காலத்தில் எங்கள் பேராசிரியர் ஒருவர் அந்த அறிக்கையைப் படிக்காமல் பாலியல் கொடுமை சந்தேகத்தோடு ஒரு குழந்தையைத் தொடாதீர்கள் என்பார். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1987 வசந்த காலம், இங்கிலாந்தின் வடகிழக்கில் கிளீவ்லாந்து மாவட்டம், மிடில்ஸ்பரோ ஊர் மருத்துவமனை. சில மாதங்களுக்குள் 121 குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக இரண்டு குழந்தை மருத்துவர்கள் முடிவு சொன்னார்கள். உடலில் தெரிகிற ஒரு குறியை அந்த முடிவுகளில் பலவற்றில் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். இருமலுக்கும் வேறு எதற்கோவும் வந்த பிள்ளைகள்கூட வார்டிலேயே நிறுத்தப்பட்டார்கள். வார்டில் இடம் இல்லை, வளர்ப்புக் குடும்பங்கள் போதவில்லை. சமூகப் பணியாளர்கள் ஒரு பக்கம், போலீஸும் போலீஸ் மருத்துவரும் மறுபக்கம், இருவரும் பேசிக்கொள்வதே நின்றுபோனது. பெற்றோர் மருத்துவமனை வாசலில் கத்தினார்கள். ஒரே பிள்ளையை மறுபடியும் மறுபடியும் பரிசோதித்தார்கள், மறுபடியும் மறுபடியும் கேள்வி கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் பின்னர் வீடு திரும்பினார்கள்.

அந்தச் சூழலில்தான் பட்லர்-ஸ்லாஸை விசாரணைக்கு அனுப்பினார்கள். 1988 ஜூலையில் அறிக்கை வந்தது. அந்த உடல்குறி சந்தேகத்தை எழுப்பலாம், ஆனால் அது மட்டுமே ஆதாரம் ஆகாது என்றார். குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை உண்மையாகவே நடக்கிறது, அதை மறுக்கக் கூடாது என்பதையும் அதே அழுத்தத்தோடு எழுதினார். மருத்துவர், போலீஸ், சமூகப் பணியாளர் மூவரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், பிள்ளையை ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பரிசோதித்து வதைக்கக் கூடாது என்றார்.

அந்த அறிக்கையில் ஒரு வாசகம் இருக்கிறது: குழந்தை ஒரு மனிதர், நம் கவலைக்கான பொருள் அல்ல. என் அறைச் சுவரில் அதை எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். பிள்ளையைக் காப்பாற்றுகிற வேகத்தில் பிள்ளையையே மறந்துவிடுகிறோம். எனக்கே அது நடந்திருக்கிறது. ஒரு சிறுமியை மேசையில் படுக்க வைத்துக்கொண்டு அவள் அம்மாவிடம் பதினைந்து நிமிடம் பேசிவிட்டு, அவளிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் மருந்து எழுதி அனுப்பியிருக்கிறேன்.

#5 வடகாற்று

மரியாதையோடு மறுக்கிறேன், டாக்டர். அந்த 121 பேரில் எத்தனை பேர் உண்மையாகவே கொடுமைக்கு ஆளானவர்கள் என்று அந்த அறிக்கை சொல்லவே இல்லை. பத்திரிகைகள் அதை 'அப்பாவிப் பெற்றோர், தவறு செய்த மருத்துவர்கள்' என்ற கதையாக மாற்றிக்கொண்டன. உண்மையில் கொடுமைக்கு ஆளான சில பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கலாம் அல்லவா? அவர்களுக்காக யார் பேசினார்கள்? மருத்துவர்கள் பயந்து வாயை மூடிக்கொள்வதற்கும் அது காரணம் ஆகியிருக்கும்.

#6 நிலாமுற்றம்

வடகாற்று, நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். எண்ணிக்கையைச் சொல்லவில்லை, உண்மை. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன நடந்தது என்று தீர்மானிப்பது அவருக்குக் கொடுத்த வேலை இல்லை. அந்தந்த வழக்கு அந்தந்த நீதிமன்றத்தில் இருந்தது. அமைப்புகள் எப்படி நடந்துகொண்டன என்பதுதான் அவர் முன் இருந்த கேள்வி.

அந்தக் கேள்விக்கு அவர் கொடுத்த பதில் சட்டத்தில் தடம் பதித்தது. அதற்கு முன் 'பாதுகாப்பு இட உத்தரவு' என்று ஒன்று இருந்தது. ஒரே ஒரு மாஜிஸ்திரேட், பெற்றோர் இல்லாமலே, 28 நாள் வரை பிள்ளையைப் பிரித்து வைக்க உத்தரவு போடலாம். கிளீவ்லாந்தில் இதைத்தான் வரிசையாக வாங்கினார்கள். 28 நாள் என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள்.

1989 குழந்தைகள் சட்டம் அதை எடுத்துவிட்டது. அதன் இடத்தில் வந்த அவசரப் பாதுகாப்பு உத்தரவு 8 நாள்தான், ஒரே ஒரு தடவை 7 நாள் நீட்டிக்கலாம், 72 மணி நேரம் கழித்துப் பெற்றோர் எதிர்க்கலாம் என்று வைத்தார்கள். முழுச் சட்டமும் இவருடைய அறிக்கையால் வந்தது என்று சொல்லவில்லை. சட்ட ஆணையத்தில் பிரெண்டா ஹேல் உள்ளிட்டவர்கள் பல வருடம் உழைத்திருந்தார்கள். ஆனால் கிளீவ்லாந்து நடக்காமல் இருந்திருந்தால் நாடாளுமன்றம் அந்த 28 நாளை அப்படிக் கூர்ந்து பார்த்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

#7 தேம்ஸ்கரை

நான் லண்டனில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். குடும்ப நீதிமன்றங்களில் நிறைய வேலை செய்கிறேன். அங்கே நடப்பதை வெளியே சொல்வது குற்றம், அதனால் எந்த வழக்கையும் தொடாமல் பொதுவாகச் சொல்கிறேன்.

நம் அம்மாக்கள் 'சரி' என்று சொல்வார்கள். அது 'நீங்கள் சொல்வது காதில் விழுகிறது' என்ற சரி. 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற சரி இல்லை. இதை அந்த அறையில் ஒவ்வொரு தடவையும் கவனமாகப் பிரித்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஒரு அம்மா தன் பிள்ளையைப் பற்றி எதற்கோ சம்மதித்ததாகப் பதிவாகிவிடும். நல்ல நீதிபதிகள் நிறுத்தி, "அவருக்குப் புரிந்ததா என்று மறுபடி கேளுங்கள்" என்பார்கள்.

நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு அலுவலகத்தில் நான் கண்ணால் பார்த்தது ஒன்று. மொழிபெயர்ப்பாளர் வர நேரமாகிவிட்டது என்று ஒன்பது வயதுப் பையனையே அம்மாவுக்கு மொழிபெயர்க்கச் சொல்லியிருந்தார்கள். கேள்விகள் அவனைப் பற்றியவை. வீட்டில் அடிப்பார்களா, சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேட்டதை அவனே தமிழில் அம்மாவிடம் கேட்டு, அம்மா சொன்னதை அவனே ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னான். நான் உள்ளே போனபோது அவன் முகம் வெளிறி இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. எல்லோரும் அவனுக்காகத்தான் கவலைப்பட்டார்கள். டாக்டர் சுவரில் ஒட்டியிருக்கிற அந்த வாசகத்தை இங்கே படித்ததும் அந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான்.

1989 சட்டத்துக்குப் பிறகு பிள்ளையை அரசுப் பராமரிப்பில் எடுக்கிற வழக்குகளில் பிள்ளைக்குத் தனி வக்கீல், தனி கார்டியன் என்பது நடைமுறை ஆகிவிட்டது. அந்தக் கார்டியன் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி, அவன் என்ன விரும்புகிறான் என்று நீதிபதிக்கு எழுதுவார். அந்தப் பக்கம் வரும்போது அறை முழுக்க அமைதியாகிவிடும்.

#8 பனங்கிழங்கு

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் பிரிந்து வாழ்கிற அப்பா. மகளை மாதம் இரண்டு ஞாயிறு பார்க்கிறேன். அதனால் என் பார்வை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்லர்-ஸ்லாஸ் தலைவராக இருந்த காலத்தில்தான் இங்கிலாந்தில் அப்பாக்களின் கோபம் தெருவுக்கு வந்தது. 2004 செப்டம்பரில் ஒருவர் பேட்மேன் உடையில் பக்கிங்ஹாம் அரண்மனைச் சுவரில் ஏறி நின்ற படம் உலகம் முழுக்கப் போனது. எல்லோரும் அந்த உடையைப் பார்த்தார்கள். அந்த மனிதர் எதற்காக ஏறினார் என்று யாராவது கேட்டார்களா? பிள்ளையைப் பார்க்க உத்தரவு இருக்கும், ஆனால் அதை நடத்திக்கொடுக்க ஆள் இருக்காது. தாமதம், தாமதம், தாமதம். ஆறு மாதம் பார்க்காமல் இருந்தால் சின்னப் பிள்ளைக்கு முகம் மறந்துவிடும். கேட்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, எங்களைக் கேட்டார்களா?

#9 சுடர்விழி

பனங்கிழங்கு அண்ணா, உங்கள் வலி உண்மை. தாமதத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன். ஆனால் அதே நீதிபதி 2000ல் கேட்ட நான்கு வழக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

நான்கு அப்பாக்கள். நான்கு வீட்டிலும் அடிதடி நடந்த பின்னணி. பிள்ளையை நேரில் சந்திக்க அனுமதி மறுத்ததை எதிர்த்து மேல்முறையீடு. பட்லர்-ஸ்லாஸும் இன்னும் இரண்டு நீதிபதிகளும் இரண்டு குழந்தை மனநல மருத்துவர்களிடம் அறிக்கை கேட்டு வாங்கி, நான்கையும் தள்ளுபடி செய்தார்கள். வன்முறை என்றாலே சந்திப்பு கிடையாது என்று சொல்லவில்லை. வன்முறை நடந்ததாகச் சொன்னால் அதை முதலில் விசாரித்து உண்மையா இல்லையா என்று முடிவு செய்யுங்கள் என்றார்கள். உண்மை என்றால் அது பிள்ளையையும் வளர்க்கிறவரையும் எப்படிப் பாதித்தது, அவர் ஏன் பிள்ளையைப் பார்க்கக் கேட்கிறார், செய்ததை உணர்ந்து மாற முயன்றிருக்கிறாரா என்று பாருங்கள் என்றார்கள். அதற்கு முன் பல இடங்களில் 'அது கணவன் மனைவி தகராறு, பிள்ளைக்கு என்ன' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். 20 வருடம் கழித்து, 2020 ஜூனில், நீதித்துறை அமைச்சகம் அமைத்த குழு ஒரு அறிக்கை கொடுத்தது. எப்படியாவது சந்திப்பு நடந்தாக வேண்டும் என்ற மனநிலை குடும்ப நீதிமன்றங்களில் இன்னும் இருக்கிறது, வன்முறையைப் பற்றிச் சொல்லும் பெண்களும் பிள்ளைகளும் சரியாகக் கேட்கப்படுவதில்லை என்று அதில் இருந்தது. 2000ல் எழுதியதைக் கீழ் நீதிமன்றங்கள் முழுசாக உள்வாங்கியிருந்தால் அந்த அறிக்கைக்கே வேலை இருந்திருக்காது.

#10 பனங்கிழங்கு

சரி தங்கச்சி. அந்தக் கேள்விகள் நியாயமானவை. வன்முறை செய்யாத அப்பாவுக்கும் அதே கேள்விகள் உதவும் என்றுதான் நினைக்கிறேன், சீக்கிரம் விசாரித்து முடித்தால். என் வழக்கில் குற்றச்சாட்டு எதுவுமே இல்லை, தேதி மட்டும்தான் தள்ளிக்கொண்டே போனது.

#11 மருந்துச்சீட்டு

குடும்பப் பிரிவுத் தலைவர் வேலை என்றால் விவாகரத்தும் பிள்ளையும் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்ற உயிர் வழக்குகளும் அங்கேதான் வரும். எனக்கு இவரிடம் பெரிய மரியாதை வந்தது அங்கேதான்.

2002ல் மிஸ் பி என்ற பெயரில் ஒரு வழக்கு. 43 வயதுப் பெண். முந்தைய வருடம் முதுகுத்தண்டில் ரத்தக் கசிவு ஏற்பட்டு, கழுத்துக்குக் கீழே எதையும் அசைக்க முடியாது. வென்டிலேட்டரில் உயிர். மூளை முழுத் தெளிவு. அந்த இயந்திரத்தை நிறுத்துங்கள் என்று கேட்டார். பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கு மனம் வரவில்லை. ஒரு மருத்துவராக அவர்களை எனக்குப் புரிகிறது. மாதக்கணக்கில் தினமும் பேசிச் சிரித்த ஒருவரின் குழாயை எடுக்க எந்தக் கை வரும்?

மிஸ் பி படுக்கையில் இருந்தபடியே சாட்சியம் சொன்னார். அவர் என்ன கேட்கிறார், அதன் விளைவு அவருக்குத் தெரியுமா, இந்த இரண்டையும்தான் பட்லர்-ஸ்லாஸ் தேடினார். அவர் எடுக்கும் முடிவு நமக்குப் பிடிக்கவில்லை என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள் என்று மருத்துவர்களுக்கு எழுதினார். அவர் விருப்பத்துக்கு மாறாகச் சிகிச்சையைத் தொடர்ந்தது சட்டவிரோதம் என்றார். அடையாளமாக 100 பவுண்டு நஷ்டஈடு.

தீர்ப்பின் கடைசிப் பகுதியில், இவ்வளவு திறமையான ஒருவருக்கு இப்படி நேர்ந்தது கொடுமை என்றும், முடிவை மறுபரிசீலனை செய்தால் சமூகத்துக்கு அவர் கொடுக்க நிறைய இருக்கிறது என்று நான் தயக்கத்தோடு சொல்வதை அவர் மன்னிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். உரிமையைக் கையில் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தாமல் இருக்க மாட்டீர்களா என்று ஒரு மனிதராகக் கேட்கிறார். அடுத்த மாதம் வேறொரு மருத்துவமனையில் மிஸ் பி இறந்தார்.

இதற்கு முன்னால் 1997ல் ஊசியைக் கண்டாலே நடுங்குகிற ஒரு கர்ப்பிணியின் வழக்கு. சிசேரியனுக்குச் சம்மதித்தார், மயக்க ஊசி என்றதும் பின்வாங்கினார். அந்த நொடியில் பயம் அவருடைய முடிவெடுக்கும் திறனைக் குலைத்துவிட்டது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. ஆனால் திறன் உள்ள பெண் எந்தக் காரணத்துக்காகவும், காரணமே இல்லாமலும்கூட, சிகிச்சையை மறுக்கலாம் என்று அதே தீர்ப்பில் பட்லர்-ஸ்லாஸ் எழுதினார்.

#12 கோர்ட்டுவாசல்

டாக்டர் சொன்னதோடு நம் நாட்டுக்கு வரும் ஒரு நூலையும் பிடிக்கலாம். 1989 ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் மூளை பாதிக்கப்பட்டு நினைவே திரும்பாமல் கிடந்த டோனி பிளாண்ட் என்ற இளைஞரின் வழக்கு. உணவுக் குழாயை எடுக்கலாம் என்று முதலில் சொன்னவர் அப்போதைய குடும்பப் பிரிவுத் தலைவர் சர் ஸ்டீபன் பிரவுன். மேல்முறையீட்டில் அதை உறுதிசெய்த மூவரில் பட்லர்-ஸ்லாஸ் ஒருவர். பிறகு 1993ல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையும் அதையே சொன்னது.

மும்பை மருத்துவமனையில் 1973ல் தாக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் நினைவின்றிக் கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 2011ல் தீர்ப்பெழுதியபோது அந்த பிளாண்ட் வழக்கைத்தான் விரிவாக எடுத்துப் பேசியது. 2018ல் முன்கூட்டிய மருத்துவ உயிலை நம் உச்ச நீதிமன்றம் ஏற்றது அதற்கு அடுத்த படி. கல்லூரியில் பிளாண்ட் வழக்கைப் படிக்கிற மாணவர்கள் பிரபுக்கள் சபைத் தீர்ப்போடு நிறுத்திவிடுகிறார்கள். கீழே அந்த மூவர் எழுதியதையும் படிக்கச் சொல்லுங்கள்.

#13 வடகாற்று

எல்லாத் திசையிலும் காது கொடுத்தவர் என்று ஒரு படம் உருவாகிறது. 2001 பெல்லிங்கர் வழக்கை யாரும் சொல்லவில்லையே. ஆணாகப் பிறந்ததாகப் பதிவு செய்யப்பட்டு, அறுவை சிகிச்சைக்குப் பின் பெண்ணாக வாழ்ந்து, 1981ல் ஒரு ஆணைத் திருமணம் செய்தவர். அந்தத் திருமணம் செல்லும் என்று சொல்லுங்கள் என்று கேட்டு வந்தார். பெரும்பான்மையோடு சேர்ந்து பட்லர்-ஸ்லாஸ் முடியாது என்றார். மூவரில் தோர்ப் என்ற நீதிபதி மட்டும்தான் அவர் பக்கம் நின்றார். அங்கே கேட்டார்களா?

#14 நிலாமுற்றம்

கேட்டார்கள், ஆனால் கொடுக்கவில்லை. இந்த விஷயத்தில் நானும் தோர்ப் பக்கம்தான். பிறந்தபோது இருந்த உடலை வைத்தே பார்க்க வேண்டும் என்பது 1970லிருந்து இருந்த தீர்ப்பு. அதை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள், அரசு இதைக் கவனிக்காமல் இருப்பதைக் கடிந்தும் எழுதினார்கள். 2003ல் பிரபுக்கள் சபை, இந்தச் சட்டம் மனித உரிமை உடன்படிக்கைக்கு ஒவ்வாது என்று அறிவித்தது. 2004ல் பாலின அங்கீகாரச் சட்டம் வந்தது. மூன்று வருடம்தான் என்று சொல்லலாம். அந்த அம்மாவுக்கு அது இருபது வருடத் திருமணத்துக்கு மேல் இன்னும் மூன்று வருடம்.

இன்னொன்றையும் நானே எடுத்துப் போடுகிறேன், ஏனென்றால் அவருடைய தீர்ப்புகளில் மக்கள் மிகவும் கொதித்தது இதற்குத்தான். 1993ல் இரண்டு வயது ஜேம்ஸ் பல்ஜரைக் கொன்ற இரண்டு பத்து வயதுச் சிறுவர்கள். அவர்கள் 18 வயதாகி வெளியே வரும் நேரத்தில், 2001 ஜனவரியில், அவர்களுடைய புதிய அடையாளத்தை வாழ்நாள் முழுக்க யாரும் வெளியிடக் கூடாது என்று தடை போட்டார். வெளியே தெரிந்தால் கொன்றுவிடுவார்கள் என்பதற்கு அவர் முன் ஆதாரம் இருந்தது. பெரியவர்களுக்கு அப்படி வாழ்நாள் பாதுகாப்பு அதற்கு முன் கொடுத்ததில்லை. பிள்ளையை இழந்த அந்த அம்மாவை நினைத்தால் என்னால் அதை எளிதாக ஆதரித்துப் பேச முடியவில்லை. ஆனாலும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

#15 நெறியாளர்

இந்தத் தலைப்பு வந்ததால் ஒரு வேண்டுகோள். அந்த இருவரின் இப்போதைய பெயர், படம் என்று எது உலவினாலும் இங்கே போடாதீர்கள். அந்தத் தடை இன்றும் நடப்பில் இருக்கிறது. 2013ல் அவர்கள் படம் என்று சொல்லி இணையத்தில் போட்ட இருவருக்கு இங்கிலாந்து நீதிமன்றம் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கொடுத்தது. படத்தில் இருப்பது சம்பந்தமே இல்லாத வேறு யாராகவும் இருக்கலாம்.

#16 வடகாற்று

சரி, நெறியாளரே. ஓய்வுக்குப் பின் நடந்ததைப் பேசிவிடலாம், எனக்கு அதுதான் உறுத்தல்.

டயானா மரண விசாரணைக்கு இவரைப் போட்டார்கள். ஜூரி வேண்டாம் என்று முடிவு செய்தார். 2007 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து ஜூரி வேண்டும் என்றது. அடுத்த மாதம், ஜூரியோடு வேலை செய்த அனுபவம் தனக்கு இல்லை என்று சொல்லி விலகினார். சர்ச்சுக்காக 2011ல் சிச்செஸ்டர் மறைமாவட்டம் பற்றி எழுதிய அறிக்கையில் தவறான தகவல் இருந்து, 2012ல் திருத்தம் சேர்க்க வேண்டியிருந்தது. அப்புறம் 2014 ஜூலை. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையை அமைப்புகள் எப்படிக் கையாண்டன என்ற பெரிய விசாரணைக்குத் தலைவராக உள்துறை அமைச்சர் தெரசா மே இவரை அறிவித்தார். 1980களில் அண்ணன் அட்டர்னி ஜெனரல். அந்தக் காலத்தில் வழக்குத் தொடராமல் விட்டதைப் பற்றியும் அந்த விசாரணை கேட்க வேண்டியிருக்கும். தங்கை எப்படிக் கேட்பார்? இதை அவர் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

#17 கோர்ட்டுவாசல்

முதல் நாளே யோசித்திருக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஜூரி விஷயத்தில் கொஞ்சம் நியாயம் செய்யுங்கள் தம்பி. வாழ்நாள் முழுக்கக் குடும்பப் பிரிவில் இருந்தவர், அங்கே ஜூரியே கிடையாது. தனக்குத் தெரியாத வேலையை அனுபவம் உள்ளவரிடம் கொடுத்தார். அவருக்குப் பின் வந்த ஸ்காட் பேக்கர், 1970களில் குடும்பப் பிரிவுத் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் பேக்கரின் மகன். அங்கேயும் வீடு, உறவு எல்லாம் ஒரே வட்டம்தான் என்று நீங்கள் சொல்ல வருவது எனக்குப் புரிகிறது.

2014ல் அறிவித்தது 8ஆம் தேதி, விலகியது 14ஆம் தேதி. ஆறு நாள். தன் நேர்மையைச் சந்தேகிக்கிறார்கள் என்று சண்டை போடவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் மத்தியில் நான் சரியான ஆள் இல்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அதனால் விலகுகிறேன் என்றார். அவருக்கு அடுத்து வந்தவரும் சில வாரங்களில் விலகினார், அதற்கும் அடுத்தவர் 2016ல் விலகினார். கடைசியில் அலெக்சிஸ் ஜே என்பவர்தான் முடித்துக் கொடுத்தார். அறிக்கை வர 2022 அக்டோபர் ஆயிற்று.

#18 சுடர்விழி

ஜே ஒரு நீதிபதியே இல்லை, சமூகப் பணியிலிருந்து வந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் வக்கீல் சார். பாதிக்கப்பட்டவர்கள் நம்புகிற ஒருவர் வேண்டும் என்று கேட்டார்கள். சட்டப் பட்டங்கள் எத்தனை என்று அவர்கள் கேட்கவில்லை.

#19 தேம்ஸ்கரை

அந்த விசாரணையோடு சேர்ந்து 'உண்மைத் திட்டம்' என்று ஒன்று நடந்தது. சின்ன வயதில் கொடுமைக்கு ஆளானவர்கள் வந்து தங்கள் அனுபவத்தைச் சொல்லலாம். நேரில் சொல்லலாம், எழுதியும் கொடுக்கலாம். வக்கீல் குறுக்கு விசாரணை கிடையாது, ஆதாரம் காட்டு என்று யாரும் கேட்க மாட்டார்கள். 6,000 பேருக்கும் மேல் சொன்னார்கள். பலர் வாழ்க்கையில் முதல் தடவையாக வாய் திறந்தவர்கள், அறுபது எழுபது வயதுக்காரர்களும் இருந்தார்கள்.

நிலா அக்கா, கிளீவ்லாந்துப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். வடகாற்று கேட்டாரே, அவர்களுக்காக யார் பேசினார்கள் என்று. அவர்களில் யாராவது அந்த 6,000 பேரில் இருந்திருப்பார்களா என்று நான் நேற்று ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.